யாருக்கும் ஓட்டு இல்லைன்னா அது எந்தக் கட்டத்துல போய் விழுது?

எலக்‌ஷன் நெருங்கினாலே தெரிஞ்சவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், "டீச்சர், நோட்டா ஜெயிச்சா மறுபடியும் எலக்‌ஷன் வைப்பாங்களாமே, நின்னவங்க யாரும் திரும்ப நிக்க முடியாதாமே"ன்னு. வாட்ஸப்ல ஒவ்வொரு தடவையும் சுத்தற மெசேஜ் அது. நோட்டான்னா ஓட்டு மெஷின்ல 'இவங்கள்ல யாரும் வேண்டாம்'ங்கற பட்டன். சட்டசபைக்கும் பார்லிமென்ட்டுக்கும் அப்படி ஒரு சட்டமே கிடையாதுங்க. ஒரு தொகுதில ஒரு லட்சம் பேர் நோட்டா அழுத்தி, நின்னவங்கள்ல ஒருத்தர் பத்து ஓட்டும் இன்னொருத்தர் ஒம்போது ஓட்டும் வாங்கியிருந்தாலும் பத்து வாங்கினவர்தான் எம்எல்ஏ. இதை சொன்ன உடனே "அப்ப எதுக்கு அந்த பட்டன்"னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு ஒரு வரில பதில் இல்ல, அதான் உக்காந்து எழுதறேன்.

நான் ஈரோடு மாவட்டத்துல கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். எலக்‌ஷன் டியூட்டின்னா எங்களுக்கு என்னன்னு தெரியும்ல, முதல் நாள் மதியமே பெட்டி மெஷினெல்லாம் வாங்கிட்டு ஏதோ ஒரு ஊர் ஸ்கூல்ல போய் பெஞ்ச் மேல படுத்து, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, மறுநாள் ராத்திரி மெஷினை ஒப்படைச்சாதான் விடுவாங்க. ரெண்டாவது ஆபீசரா ஆரம்பிச்சு இப்ப பூத்துக்கே பொறுப்பான பிரிசைடிங் ஆபீசர் வரைக்கும் எல்லா நாற்காலியிலயும் உக்காந்தாச்சு. இதுல எனக்கு புடிபட்ட ஒரு விஷயம், "எனக்கு யாரும் வேண்டாம்"னு சொல்ல ஜனங்க வெச்சிருக்கற வழி நிறைய இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் எங்க கணக்குல வேற வேற கட்டத்துல போய் விழுது, சிலது எந்த கட்டத்துலயும் விழறதே இல்ல. இது ஓட்டு போடறவங்கள்ல பாதி பேருக்கு தெரியாது.

அந்தக் கணக்குக்கு பேர் படிவம் 17சி. போலிங் முடிஞ்சதும் பிரிசைடிங் ஆபீசர் அதை நிரப்பி கையெழுத்து போட்டு பூத் ஏஜென்ட்டுங்களுக்கு காப்பி தரணும். அதுல வரிசையா கேப்பாங்க, இந்த பூத்ல மொத்த வாக்காளர் எத்தனை, 17ஏ ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டவங்க எத்தனை, கையெழுத்து போட்டுட்டு ஓட்டு போட மாட்டேன்னவங்க எத்தனை, ரகசியத்தை மீறினதால ஓட்டு போட விடாதவங்க எத்தனை, மெஷின்ல பதிவான ஓட்டு எத்தனை, எல்லாம் டேலி ஆகுதான்னு. நோட்டா இந்த முதல் பாகத்துல தனியா வரவே வராது. மெஷின்ல பதிவான ஓட்டுக்குள்ளயே அது அடக்கம், அந்த ராத்திரி எங்களுக்கே எத்தனை நோட்டான்னு தெரியாது, எண்ற அன்னைக்குதான் தெரியும். நோட்டாவோட முழு பலமும் இங்கதான் இருக்குன்னு நான் நெனைக்கறேன். அது ஏன்னு புரியணும்னா 49-ஓ காலத்துக்கு போகணும், அதாவது நோட்டா பட்டன் வர்றதுக்கு முன்னாடி, பூத்துக்கு வந்து ஓட்டு போட மாட்டேன்னு பதிவு பண்ண இருந்த தேர்தல் விதி.

2011 சட்டசபை எலக்‌ஷன். அப்ப 49-ஓ பத்தி பத்திரிகைல எல்லாம் நிறைய எழுதினாங்க. நான் ரெண்டாவது ஆபீசர், அதாவது ரிஜிஸ்டர்ல நம்பர் எழுதி கையெழுத்து வாங்கி விரல்ல மை வைக்கற வேலை. ஒரு பையன் வந்தான், காலேஜ் முடிச்சிருப்பான் போல. மை வெச்சு சீட்டு குடுக்கப் போறப்ப "மேடம், எனக்கு 49-ஓ"ன்னான். நான் எங்க பிரிசைடிங் ஆபீசரை பார்க்கறேன், அவர் கையேட்டை புரட்டறார், பின்னாடி க்யூ நிக்குது, எதிர்ல பெஞ்ச்ல உக்காந்திருந்த ஏஜென்ட்டுங்க எல்லாரும் ஒரே நேரத்துல தலையை தூக்கி பார்த்தாங்க பாருங்க, அதுலயே அந்தப் பையன் முகம் மாறிருச்சு. ஒரு ஏஜென்ட் "அட நம்ம டெய்லர் கடைக்காரர் பையன்தானே, என்ன தம்பி, யார் மேல கோவம்"னு சிரிச்சுக்கிட்டே கேக்கறார். இன்னொருத்தர் "வெளிய வா, பேசிக்கலாம்"ங்கறார். பையன் பின்வாங்கலை. 1961 தேர்தல் நடத்தை விதிகள்படி அவன் பேருக்கு நேரா ஓட்டு போட மறுத்துட்டார்னு பிரிசைடிங் ஆபீசர் குறிப்பு எழுதணும், அதுக்கு பக்கத்துல அவன் மறுபடியும் கையெழுத்து போடணும். போட்டுட்டு போனான். மத்தியானம் டீ குடிக்க வெளிய வந்தப்ப மரத்தடில நின்னவங்க அத்தனை பேரும் அதைத்தான் பேசிட்டு இருந்தாங்க.

இவ்வளவு தைரியமா வந்து கையெழுத்து போட்டதுக்கு பலன் என்னன்னு பார்த்தா, 17சில ஓட்டு போட மறுத்தவர்னு ஒரு கட்டம், அதுல ஒண்ணுன்னு ஒரு எண். எண்ணிக்கை அன்னைக்கு ரிசல்ட் போர்டுல அது வராது. ஆனா அவன் யாருக்கும் ஓட்டு போடலைன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஓட்டு போட்டவனுக்கு ரகசியம் உண்டு, போட மாட்டேன்னவனுக்கு கிடையாது.

பியுசிஎல்ங்கற மனித உரிமை அமைப்பு 2004ல சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது இந்த ஓட்டையை புடிச்சுதான். தீர்ப்பு வந்தது 2013 செப்டம்பர் 27. தலைமை நீதிபதி பி.சதாசிவம் பெஞ்ச், அவர் எங்க பவானி பக்கத்துக்காரர்ங்கறதுல எங்க ஸ்டாஃப் ரூம்ல கொஞ்சம் பெருமை கூட. ஜெயிச்சவரை நோட்டா தோக்கடிக்கணும்னு அந்தத் தீர்ப்புல எங்கயும் சொல்லல. போடறவனுக்கு இருக்கற ரகசியம் போடாதவனுக்கும் வேணும், அதுக்கு மெஷின்லயே ஒரு பட்டன் வைங்கன்னுதான் சொன்னாங்க. அந்த வருஷக் கடைசில டெல்லி, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மிசோரம் எலக்‌ஷன்ல வந்துச்சு, நம்ம ஊர்ல டிசம்பர்ல ஏற்காடு இடைத்தேர்தல்லதான் முதல். அப்ப வெறும் எழுத்துதான் இருந்துச்சு, ஓட்டுச்சீட்டு மேல குறுக்கா பெருக்கல் போட்ட மாதிரி சின்னம் 2015லதான் வந்துச்சு.

இப்ப நோட்டா அழுத்தறவங்க யாருன்னு என்னால சொல்லவே முடியாது. மத்தவங்க மாதிரியே வர்றாங்க, கையெழுத்து, மை, மறைவுக்கு பின்னாடி பீப் சத்தம், போயிடறாங்க. டெய்லர் கடைப் பையனுக்கு இது கிடைச்சிருக்கணும்.

இதுல ஒரு கூத்து சொல்றேன். போலிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டுங்க முன்னாடி மாக் போல்னு ஒரு ஒத்திகை ஓட்டுப்பதிவு நடத்தணும், குறைஞ்சது 50 ஓட்டு, எல்லா வேட்பாளருக்கும் விழணும், நோட்டாவுக்கும் விழணும். அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்க ஏஜென்ட் அழுத்துவாங்க, நோட்டாவுக்கு ஏஜென்ட் யாரு? யாரும் கையை வைக்க மாட்டாங்க, "டீச்சரம்மா நீங்களே அழுத்துங்க"ன்னு சிரிப்பாங்க. நான்தான் போய் அழுத்துவேன், அப்புறம் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் பண்ணி, விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்துச்சுன்னு அச்சடிச்சு காட்டற மெஷின்) ஸ்லிப்பெல்லாம் எடுத்து கவர்ல போட்டு சீல் வெச்சாதான் உண்மையான போலிங்.

சரி, அழுத்தினா எங்க போகும்னு பார்க்கலாம். எண்ணறப்ப நோட்டாவுக்குன்னு தனி வரி இருக்கு, எலக்‌ஷன் கமிஷன் ரிசல்ட்ல கட்சிங்களுக்கு கீழ வரும். ஊருக்கே தெரியற நம்பர் அது, அந்த மட்டும் நல்லது. ஆனா செல்லுபடியான ஓட்டு கணக்குல அதை சேர்க்க மாட்டாங்க. இதோட விளைவு ஒண்ணு இருக்கு, பல பேர் யோசிக்காதது. டெபாசிட் திரும்ப கிடைக்கணும்னா செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கணும். ஒரு லட்சம் ஓட்டு விழுந்து எல்லாமே வேட்பாளர்களுக்குன்னா 16,666க்கு மேல வேணும். அதுல 10,000 நோட்டாவுக்கு போயிருந்தா கணக்கு 90,000க்குதான், 15,000 தாண்டினா போதும். எல்லாரையும் டெபாசிட் இழக்க வைக்கறேன்னு நோட்டா அழுத்தறவர் நெசத்துல டெபாசிட் காப்பாத்தற வேலையை லேசா சுலபமாக்கறார். இதை சொன்னப்ப எங்க வீட்டுக்காரரே நம்பல, பேப்பர்ல போட்டு காட்டினேன்.

2014ல நீலகிரில 46,559 நோட்டா, அந்த வருஷம் நாட்டுலயே அதிகம், மூணாவது இடம். பிஜேபி வேட்பாளர் மனு தள்ளுபடி ஆகி அங்க அந்தக் கட்சிக்கு ஆளே இல்ல, அதுவும் ஒரு காரணம்னு வைங்க. 2024ல இந்தூர்ல காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்துல வாபஸ் வாங்கிட்டு போக, அந்தக் கட்சியே நோட்டாவுக்கு போடுங்கன்னு கேட்டு 2,18,674 விழுந்துச்சு, ரெண்டாவது இடமே நோட்டாதான். ஜெயிச்சவர் பன்னெண்டு லட்சத்துக்கு மேல வாங்கி ஜெயிச்சார், அவ்வளவுதான். ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி, தன் ஆள் இல்லாதப்ப ஜனங்க நோட்டாவை தேடிப் போயிருக்காங்க. அதே 2024ல சூரத்ல மத்தவங்க எல்லாரும் வாபஸ் வாங்கிட்டாங்க, முக்கிய கட்சி மனு தள்ளுபடி, மிச்சம் ஒருத்தர்தான், போட்டியின்றி தேர்வு. அங்க ஓட்டுப்பதிவே கிடையாது, அப்ப நோட்டாவும் கிடையாது. ஒரே ஒருத்தர் நிக்கறப்பதான் "வேண்டாம்"னு சொல்ற பட்டன் ரொம்ப தேவை, அங்கதான் அது இல்ல. எனக்கு இன்னைக்கும் ஜீரணிக்க முடியாத விஷயம் இது.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். 2019 ஆகஸ்ட்ல வேலூர்ல ஜெயிச்ச வித்தியாசம் 8,141, நோட்டா 9,000க்கு மேல. 2021ல தி.நகர்ல வெறும் 137 ஓட்டுல ரிசல்ட். இந்த மாதிரி இழுபறி தொகுதில இருக்கறவங்க நோட்டாவுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க, நிக்கறவங்கள்ல உங்களுக்கு சுத்தமா ஆகவே ஆகாத ஆள் ஒருத்தர், சகிச்சுக்கலாம்ங்கற ஆள் ஒருத்தர் இருந்தா அந்த ஓட்டு வேலை செய்யும். ரெண்டு பேரும் ஒரே ரகம்னா தாராளமா கடைசி பட்டன். நம்ம முறைல ஒருத்தருக்கு மட்டும்தான் குறி வைக்க முடியும், ஜனாதிபதி எலக்‌ஷன், ராஜ்யசபா எலக்‌ஷன் மாதிரி 1, 2, 3ன்னு வரிசை போட விட்டா இந்த சங்கடம் பாதி குறையும்னு நான் நெனைக்கறதுண்டு. (அந்த ராஜ்யசபால நோட்டா வெச்சு பார்த்தாங்க, 2018ல சுப்ரீம் கோர்ட் எடுத்துடுச்சு.)

பட்டன் கிடைக்காத இடமும் இருக்கு. நம்ம உள்ளாட்சி எலக்‌ஷன்ல நோட்டா இல்ல. 2022 நகர்ப்புற எலக்‌ஷன்ல மெஷின்தான், ஆனா கடைசில நோட்டா இருக்காது, மறைவுக்கு உள்ள போயிட்டு அங்கிருந்தே "மேடம் நோட்டாவை காணோம்"னு சத்தம் போட்டவங்க உண்டு. ஹரியானாவும் மகாராஷ்டிராவும் 2018ல தங்களோட உள்ளாட்சி எலக்‌ஷனுக்கு நோட்டா முதல் இடம் வந்தா மறுதேர்தல்னே உத்தரவு போட்டாங்க, வாட்ஸப் மெசேஜுக்கு வேர் அங்கதான் இருக்கும்னு தோணுது. நமக்கு அது பொருந்தாது.

கிராமத்துல இன்னும் சீட்டு முறைதான். 2019ல வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு பிங்க், ஒன்றியத்துக்கு பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள்னு கைல நாலு சீட்டு. வார்டுக்கும் தலைவருக்கும் பளிச்சுன்னு முத்திரை குத்தியிருப்பாங்க, மஞ்சள் சீட்டு மட்டும் வெறுமனே மடிச்சு போட்டிருப்பாங்க, யாருன்னே தெரியாத ஆளுக்கு எதுக்கு குத்தணும்ங்கறது அவங்க நியாயம். எண்ற மேஜைல பார்த்தா எல்லா சின்னத்துலயும் குத்தினது, ரெண்டுல குத்தினது, பேனாவுல "ரோடு போடுங்கடா"ன்னு எழுதினது, இப்படி வரும். இதெல்லாம் ஒரே கட்டுதான், செல்லாதவை. கோவத்துல வெறுமனே போட்டவரும், கை நடுங்கி கோட்டு மேல முத்திரை விழுந்த பாட்டியும் அந்தக் கட்டுல ஒண்ணா கிடப்பாங்க, பிரிச்சு சொல்ல யாராலயும் முடியாது. அதனாலதான் எதிர்ப்பை செல்லாத ஓட்டா காட்டாதீங்கன்னு சொல்றேன், உங்க எதிர்ப்பு ஒரு தவறா பதிவாகுது.

தபால் ஓட்டுலயும் இதேதான். எங்கள மாதிரி டியூட்டி ஆளுங்களுக்கு வர்ற சீட்டுலயும் நோட்டா இருக்கு. கூட வர்ற 13ஏ உறுதிமொழில சரியான அதிகாரி கையெழுத்து இல்லைன்னா சீட்டை பிரிக்காமயே தள்ளிடுவாங்க. 2016ல ராதாபுரம் 49 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்சது, அங்க ஹெட்மாஸ்டர்கள் சான்று போட்டதை ஏத்துக்காம 203 தபால் ஓட்டு தள்ளுபடி, கேஸ் ஹைகோர்ட் போய் 2019ல மறுபடி எண்ணச் சொன்னாங்க. அதுல எத்தனை பேர் யாருக்கு போட்டாங்களோ, எத்தனை நோட்டாவோ. டீச்சர்ங்க இதை படிச்சா தயவுசெஞ்சு படிவத்தை ரெண்டு தடவை பாருங்க.

எங்க மாவட்டத்துலயே பழைய கதை ஒண்ணு இருக்கு. 1996ல மொடக்குறிச்சில விவசாயிங்க தங்களோட கோரிக்கையை கேக்க ஆளில்லைன்னு கூட்டம் கூட்டமா மனு தாக்கல் பண்ணினாங்க, 1,033 வேட்பாளர். ஓட்டுச்சீட்டு புத்தகம் மாதிரி ஆகிடுச்சு, எலக்‌ஷனே தள்ளிப் போச்சு. அதுல 88 பேருக்கு ஒரு ஓட்டு கூட விழல, அதாவது அவங்க ஓட்டு அவங்களுக்கே விழல. அந்த வருஷமே சட்டசபை டெபாசிட் 250 ரூபாய்ல இருந்து 5,000 ஆச்சு, இப்ப 10,000. யாரையும் நிராகரிக்கற வழி இல்லாத காலத்துல ஜனங்க கண்டுபுடிச்ச வழி அது. பதில் கிடைச்சது அவங்க கோரிக்கைக்கு இல்ல, டெபாசிட் தொகைக்கு.

அப்புறம் புறக்கணிப்பு. ஊர் மொத்தமும் வராத பூத்ல உக்காந்திருக்கேன், அது ஒரு தனி அனுபவம். காலைல ஏழு மணிக்கு கதவை திறந்து வெச்சுட்டு நாலு பேரும் ஏஜென்ட் கூட இல்லாம மூஞ்சியை பார்த்துட்டு உக்காந்திருந்தோம். தண்ணி பிரச்னை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பதிவு எவ்வளவுன்னு சொல்லணும்ல, பூஜ்யம், பூஜ்யம்னு சொல்ல சொல்ல ஜோனல் ஆபீசர் வந்தார், அப்புறம் தாசில்தார் வந்தார், போலீஸ் வந்துச்சு, ஊர்த் தலைக்கட்டுங்களோட கோயில் திண்ணைல பேச்சுவார்த்தை. மூணு மணிக்கு மேல ஒரு பெரியம்மா முதல் ஆளா வந்து "என்ன கண்ணு, பசில உக்காந்திருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு ஓட்டு போட்டுச்சு, பின்னாடியே பாதி ஊர் வந்துச்சு. நான் நேர்ல பார்த்ததை வெச்சு சொல்றேன், அதிகாரிங்களை ஊருக்குள்ள வர வைக்கறதுல புறக்கணிப்புக்கு இருக்கற வேகம் நோட்டாவுக்கு கிடையாது. ஆனா ஊரே சேர்ந்து, காரணத்தை முன்கூட்டியே மனுவா குடுத்து செஞ்சாதான். 2024ல பரந்தூர் ஏர்போர்ட்டை எதிர்த்து ஏகனாபுரம் செஞ்ச மாதிரி. தனியாளா வீட்ல படுத்துக்கிட்டு நான் புறக்கணிச்சேன்னா அது 17சில எந்தக் கட்டத்துலயும் இல்ல, ஊருக்கு போயிட்டவர், செத்தும் லிஸ்ட்ல பேர் நீக்காதவர் இவங்களோட சேர்ந்துடும்.

நோட்டா அழுத்தப் போறவங்களுக்கு, அது எப்பவும் கடைசி வேட்பாளருக்கு அடுத்த பட்டன். ஒரு மெஷின்ல 16 பட்டன்தான், வேட்பாளர் 15க்கு மேல போனா பக்கத்துல அடுத்த மெஷின் வெப்போம். 2024ல கரூர்ல 54 பேர், நாலு மெஷின், நோட்டா நாலாவது மெஷின்ல ஏழாவது பட்டன். முதல் மெஷினோட கடைசி பட்டன்னு நெனைச்சு அழுத்தினா அது யாரோ ஒரு சுயேச்சைக்கு போயிருக்கும். அழுத்தினதும் ஏழு செகண்ட் விவிபேட் கண்ணாடில ஸ்லிப் தெரியும், நோட்டா சின்னம் இருக்கான்னு பாருங்க. வயசானவங்க உள்ள போய் நின்னுட்டு "எது கண்ணு கடைசி"ன்னு எங்களை கூப்பிட்டா நாங்க வர முடியாது, வரக்கூடாது, வெளியவே மாதிரி அட்டைல கேட்டு தெரிஞ்சுக்கிட்டு போகட்டும். பட்டனை அழுத்திட்டு நோட்டா போட்டேன்னு உள்ள இருந்தே கத்தவும் வேண்டாம், யாருக்கு போட்டோம்னு காட்டறது ரகசியத்தை மீறின கணக்கு.

49-ஓ இன்னும் எங்க படிவத்துல இருக்கு. இப்பல்லாம் கொள்கைக்காக வர்றவங்க கிடையாது, செல்ஃபோன் உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னா கோவிச்சுக்கிட்டு மை வெச்ச விரலோட கிளம்பறவங்கதான். அப்படி கிளம்பறதா இருந்தா மூணாவது ஆபீசர் உங்க ஓட்டுக்கு மெஷினை திறந்து விடற பேலட் பட்டனை கன்ட்ரோல் யூனிட்ல அழுத்தறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அழுத்திட்டா மெஷின் ஓட்டுக்கு காத்துக்கிட்டே இருக்கும், அடுத்து நிக்கறவரைத்தான் நேரா உள்ள அனுப்பி அந்த ஓட்டை போட வைக்கணும். நீங்கதான் க்யூல கடைசி ஆள்னா மெஷினை ஆஃப் பண்ணி ஒயரை கழட்டினாதான் க்ளோஸ் பட்டன் வேலை செய்யும். அப்புறம் ரிஜிஸ்டர் எண்ணிக்கையும் மெஷின் எண்ணிக்கையும் ஏன் ஒண்ணு இடிக்குதுன்னு ஏஜென்ட்டுங்களுக்கு விளக்கி, 17சில எழுதி, எல்லாரும் கையெழுத்து போட்டு முடிக்கறதுக்குள்ள எங்களை கூட்டிட்டு போற வண்டி டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிருப்பார்.